இரவலும் குத்தகையும்: மின்னூல் வாசிப்பின் எதிர்காலம்

நூல் ஒன்று ஒருவர் கைக்கு வந்து சேரும் வழிகள் பல. விலை கொடுத்து வாங்குதல், இரவலாகப் பெறுதல், வாடகைக்கு எடுத்தல், பரிசிலாக ஏற்றல், முதுசமாக அடைதல் என்பன அவற்றுட் சில. வாசித்துக்கொண்டிருக்கும் பொழுதில் இவற்றிடையே யாதொரு வேறுபாடும் புலப்படாது. வாங்கிய நூலும் இரவல் நூலும் ஒரே பொருளையே உரைக்கும். வேறுபாடு தோன்றுவது வாசித்து முடித்த பின்னராம். நூலைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டுமா, வைத்திருக்கலாமா, நண்பருக்கு வழங்கலாமா, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாமா என்னும் வினாக்கள் அப்பொழுதே எழுகின்றன. மின்னூலை இரவலாகவும் சந்தாவுக்கும் வழங்கும் சேவைகள் பெருகிவரும் இக்காலத்தில், அவ்வினாக்களுக்கு விடை காண்பது கல்வியுலகின் கடமையாகின்றது. அச்சேவைகளின் குணங்களையும் குறைகளையும் ஆராய்ந்து, அவற்றின் எதிர்காலம் எவ்வாறு அமைதல் வேண்டும் எனத் துணிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்து மக்களுக்கு உடைமையின் வகைகளைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை, உடைமையை அதன் வரவு நோக்கி முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்தது. ஒற்றி, அடைவு, கடன் முதலியன பற்றியும் விதி கூறிற்று. நிலாவரைக் கிணற்றை அடுத்த புத்தூர், நவக்கிரி, சிறுப்பிட்டி முதலிய ஊர்களின் காணி உறுதிகளைப் படிப்போர், நிலத்தின் எல்லைகளோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் பிரித்து எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். குத்தகைக்காரன் நிலத்தை உழுவான், பயிரிடுவான், விளைவை எடுப்பான், எனினும் உறுதி அவன் பெட்டகத்தில் இராது. ஒற்றிக்காரன், தான் கொடுத்த பணம் மீளும் வரை நிலத்தின் பயனை அனுபவிப்பான். நிலம் மீட்கப்பட்டதும் வெளியேறுவான். செம்பாட்டு மண்ணில் உழைக்கும் எந்த உழவனும் இவ்வேறுபாட்டை நன்கறிவான். அவ்வுழவனின் மகனோ, கைத்தொலைபேசியில் 'வாங்கு' என்னும் சொல்லை அழுத்தி மின்னூல் ஒன்றைப் பெறும்பொழுது, தனக்குக் கிடைத்தது உறுதியா குத்தகையா என வினாவுவதில்லை. அவ்வினாவை அவனுக்காக எழுப்புதல் திறனாய்வின் முதற் கடனாம்.

மின்னூல் வாசகரை அடையும் முறைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது தனி விற்பனை. இரண்டாவது, மாதந்தோறும் ஒரு தொகை செலுத்தி ஒரு பெருந்தொகுதியிலிருந்து விரும்பியவற்றை வாசிக்கும் சந்தா முறை. மூன்றாவது, நூலகம் பதிப்பகத்தாரிடம் அனுமதி பெற்று உறுப்பினருக்குக் குறித்த நாள்கள் வரை வழங்கும் இரவல் முறை. இம்மூன்றும் பெயரால் வேறுபடினும் அடிப்படையில் ஒரு தன்மையன. அச்சு நூலை வாங்கியவர் அதனை இரவல் கொடுக்கலாம், விற்கலாம், நூலகத்திற்கு அன்பளிப்புச் செய்யலாம். நாடுகள் பலவற்றின் பதிப்புரிமைச் சட்டம் இவ்வுரிமையை ஏற்றுள்ளது. உலகின் பொது நூலகங்கள் அதன்மேலேயே எழுந்தன. மின்னூலைப் பெற்றவருக்கோ பெரும்பாலும் இவற்றுள் ஒன்றும் இயலாது. அவர் பெறுவது நூலன்று, வாசிப்பதற்கான அனுமதியே. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில், ஒருமுறை விற்ற மின்னூலை மீண்டும் விற்பதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும் எனத் தீர்த்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வெறும் அனுமதியை வழங்கும் வணிகர் அதனை வெளிப்படையாகக் கூறாமல் 'வாங்கு' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என விதித்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே நேர்ந்த பிளவு சட்டமன்றம் வரை சென்றமைக்கு இது சான்று.

இனி, நூலை வாடகைக்கு விடுதல் புதிய வழக்கமன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். சாள்ஸ் எட்வேட் மூடி என்பார் 1842இல் இலண்டனில் தொடங்கிய சந்தா நூலகம் ஆண்டுக்கு ஒரு கினி பெற்று நூல்களை வழங்கியது. சென்னையில் 1955இல் தொடங்கப்பெற்ற ஈஸ்வரி நூல்நிலையம், புத்தகம் வாங்க இயலாக் குடும்பங்களுக்கு நாவல்களையும் சஞ்சிகைகளையும் வாடகைக்கு அளித்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தோற்றமும் இத்தகைய எளிய முயற்சியிலேயே காணப்படும். க. மு. செல்லப்பா அவர்கள் 1933இல் தம் இல்லத்திற் பிறருக்கு நூல் வழங்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் 844 நூல்களுடன் வாடகை அறை ஒன்றில் நூலகம் திறக்கப்பட்டது. ஆகவே, சந்தாவும் வாடகையும் தம்மளவில் இழிந்தவை அல்ல. வசதியற்றோரின் வாசலுக்கு வாசிப்பைக் கொண்டு சென்ற பெருமை அவற்றிற்கு உண்டு.

ஆயின், வாடகைக்கு விடுபவர் நூலை வழங்குவதோடு அமைவதில்லை. நாளடைவில் நூலின் உருவத்தையும் அவரே வகுக்கத் தலைப்படுகின்றார். மூடியின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். ஒரு நாவலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டால் அதனை ஒரே வேளையில் மூன்று சந்தாதாரர்க்கு வழங்கலாம். ஆதலின் மூன்று தொகுதி நாவலே ஆங்கில நாட்டின் வழமையாயிற்று. அதன் விலை முப்பத்தொரு சிலிங்கு ஆறு பென்ஸ். அவ்விலை கொடுத்து வாங்குவோர் அரியர். வாடகைக்கு எடுப்போரே மிகப் பலர். கதை இரண்டு தொகுதிகளில் முடியக்கூடியதாயினும் ஆசிரியர் மூன்றாவதற்கு நீட்டினார். ஒழுக்கம் பற்றி மூடி கொண்டிருந்த கருத்துக்கு மாறான நூல்கள் அவர் தட்டுகளில் இடம் பெறவில்லை. இதனைக் கண்டித்து ஜோர்ஜ் மூர் 1885இல் துண்டுப் பிரசுரமே வெளியிட்டார். 1894இல் மூடி நிறுவனமும் சிமித் நிறுவனமும் தொகுதி ஒன்றுக்கு நான்கு சிலிங்கிற்கு மேற் கொடுப்பதில்லை என அறிவித்த சில ஆண்டுகளுள் மூன்று தொகுதி நாவல் மறைந்தொழிந்தது. ஓர் இலக்கிய வடிவம் பிறந்ததும் இறந்ததும் கலைத் தேவையாலன்று, வாடகைக் கணக்கினால் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு இன்றைய சந்தாச் சேவைகளை நோக்குவோம். அமேசன் நிறுவனம் 'கிண்டில் அன்லிமிட்டெட்' என்னும் சந்தாச் சேவையை 2014இல் அமெரிக்காவிலும் 2015இல் இந்தியாவிலும் தொடங்கியது. 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்குத் தன் மின்னூற் கடையிலே தனியிடம் அளித்தது. இதனாற் விளைந்த நன்மை சிறிதன்று. அச்சகத்தின் வாயிலில் நெடுநாள் காத்திருந்த எழுத்தாளர் பலர், குறிப்பாகப் பெண்கள், இடைத்தரகர் எவருமின்றி வாசகரை அடைந்தனர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தமிழர், கப்பலிற் புத்தகப் பொதி வரும்வரை காத்திராது அன்றே தமிழ் நாவலை வாசிக்க முடிந்தது. இந்நன்மையை மறைத்துக் குறையை மாத்திரம் கூறல் நடுநிலையாகாது.

எனினும், ஊதியம் அளக்கப்படும் முறை எழுத்தின் வடிவத்தை எங்ஙனம் வளைக்கின்றது என்பது நோக்கற்பாலது. தொடக்கத்தில், வாசகர் ஒரு நூலிற் பத்து வீதத்தைக் கடந்தாற் போதும்; முப்பது பக்கக் கதைக்கும் ஐந்நூறு பக்க நாவலுக்கும் ஒரே பங்கு வழங்கப்பட்டது. ஆகவே சிறு நூல்கள் பெருகின. ஒரு கதையே பல துண்டுகளாக வெளிவந்தது. 2015 ஜூலையில் முறை மாறி, வாசிக்கப்பட்ட பக்கங்களின் தொகைக்கேற்பப் பொது நிதியிலிருந்து பணம் பகிரப்பட்டது. உடனே நூல்கள் நீளத் தொடங்கின. ஒரு நூலுக்கு மூவாயிரம் பக்கம் வரையே கணக்கிற் கொள்ளப்படும் என வரம்பிட வேண்டிய நிலை அடுத்த ஆண்டே வந்தது. மூன்று தொகுதி நாவலின் ஆவி மீண்டும் உலாவியது எனலாம்.

பக்கக் கணக்கில் இன்னுமொரு குறை உண்டு. தமிழிலக்கிய மாணவர்க்கு அதுவே பெரிதாம். ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதன்முறை வாசித்தமைக்கே ஆசிரியருக்குப் பணம் கிட்டும். அதனை மீண்டும் மீண்டும் படித்தமைக்கு யாதும் இல்லை. நம் மரபோ மீளப் படித்தலை அடிப்படையாகக் கொண்டது. சூத்திரம் ஒன்றை மனனஞ் செய்து, உரையோடு பொருத்தி, ஐயுற்று, மறுநாளும் அதனையே எடுத்துக் கற்றல் நம் திண்ணைப் பள்ளிக்கூடம் முதலாக வந்த வழக்கம். நான்கடிச் செய்யுள் ஒன்று ஒருவர் வாழ்நாள் முழுதும் துணைவரலாம். விரைந்து புரட்டப்படும் ஐந்நூறு பக்கத்தைப் போற்றி, பத்தாண்டு பயிலப்படும் அரைப் பக்கத்தைப் புறக்கணிக்கும் அளவுகோல் இலக்கியத்தின் அளவுகோல் ஆகாது. கவிதை, ஆராய்ச்சிக் கட்டுரை, உரைநூல் ஆகியன இவ்வளவுகோலால் என்றும் தோற்பனவே. சந்தாச் சேவையிலே வாழும் இலக்கியம் ஒருபுறம் வளர, அதில் வாழ இயலாத இலக்கியத்திற்கு வேறு வாழ்விடம் அமைத்தல் இன்றியமையாததாகின்றது.

சந்தா நிறுவனங்களின் வணிகத் தன்மையில் உள்ளதொரு முரண்பாடும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 2013இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒயிஸ்டர் என்னும் சேவை, 2015இல் தான் மூடப்படுவதை அறிவித்தது. அதே ஆண்டில் ஸ்கிரிப்ட் என்னும் மற்றொரு சேவை தன் தொகுதியிலிருந்து காதல் நாவல்கள் பலவற்றை அகற்றியது. காரணம் யாது? அந்நாவல்களின் வாசகர் அளவுக்கு மிஞ்சி வாசித்தனர். ஒவ்வொரு வாசிப்புக்கும் பதிப்பகத்தாருக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தமையால், மிகுதியாக வாசிக்கும் சந்தாதாரர் நிறுவனத்துக்கு நட்டத்தையே தந்தனர். பொது நூலகம் தன் உறுப்பினர் மிகுதியாக வாசித்தலைத் தன் வெற்றியாகக் கொள்ளும். சந்தா நிறுவனத்திற்கோ அது சில வேளைகளில் இடராகின்றது. நூலகமும் சந்தாச் சேவையும் ஒன்றெனக் கருதுவோர் இவ்வேறுபாட்டைச் சிந்திப்பாராக.

நிற்க. நூலகங்களின் மின்னூல் இரவல் எவ்வாறுளது என்பதை இனி நோக்குவோம். அச்சு நூலை ஒருமுறை வாங்கிய நூலகம், தாள் கிழியும் வரை அதனை வழங்கும். கிழிந்தாற் கட்டுவித்து மீண்டும் வழங்கும். மின்னூல் கிழிவதில்லை. ஆதலின் பதிப்பகத்தார் அதற்குச் செயற்கையானதொரு மூப்பை வகுத்தனர். ஹாப்பர் கொலின்ஸ் நிறுவனம் 2011இல், தன் மின்னூலை நூலகம் இருபத்தாறு முறை இரவல் வழங்கிய பின் மீண்டும் பணம் செலுத்த வேண்டும் என விதித்தது. மக்மிலன் நிறுவனம் 2019இல், புதிய நூல் வெளியாகி எட்டு வாரம் வரை நூலகத் தொகுதி எத்துணை பெரிதாயினும் ஒரு படியே வழங்கப்படும் என அறிவித்தது. நூலகர்களின் கடும் எதிர்ப்பின் பின் 2020 மார்ச்சில் அவ்விதியைக் கைவிட்டது.

தாம் வாங்கிய அச்சு நூலைப் படமாக்கி, அச்சுப் படியைப் பூட்டி வைத்து, ஒரு படிக்கு ஒரு வாசகர் என்னும் அளவில் இரவல் வழங்கலாமா என்பது அடுத்த வினா. ஐரோப்பிய நீதிமன்றம் 2016 நவம்பரில், ஒல்லாந்து நூலகங்கள் தொடர்பான வழக்கொன்றில், ஒரு படி ஒரு வாசகர் என்னும் நெறியின்படி மின்னூலை இரவல் வழங்குதலைச் சட்டத்திற்கு உட்பட்டதாகக் கொள்ளலாம் எனக் கூறியது. அமெரிக்காவிலோ நிலைமை வேறாயிற்று. இன்டர்நெட் ஆக்கைவ் என்னும் நிறுவனம் இந்நெறியிலே பல ஆண்டுகள் நூல் வழங்கிவந்தது. கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச்சில், காத்திருப்பு வரிசையை நீக்கி ஒரே நூலைப் பலர்க்கு ஒருங்கே வழங்கியது. நான்கு பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2023 மார்ச்சில் நீதிமன்றம் பதிப்பகத்தார் சார்பிற் தீர்ப்பளித்தது. 2024 செப்ரெம்பரில் மேல்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அந்த இரவற் தொகுதியினின்றும் நீக்கப்பட்டன. இதனால் நாம் அறிவதென்ன? மின்னூல் இரவலின் எதிர்காலத்தைத் தொழில்நுட்பம் தீர்மானிக்கப் போவதில்லை. நூலகம் எதனை உடைமையாக வைத்திருக்கலாம் என்னும் சட்டமே தீர்மானிக்கும்.

உடைமை பற்றி இத்துணை வலியுறுத்துவானேன் எனச் சிலர் கேட்கலாம். வாசிக்கக் கிடைத்தாற் போதாதா? பெட்டகத்தில் உறுதி இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன? இவ்வினாவுக்கு விடை யாழ்ப்பாணத்தின் வரலாற்றிலேயே உளது.

1981 மே 31ஆம் நாள் இரவும் அதனை அடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. கட்டடம் பின்னர் எழுந்தது. அச்சுப் படிகள் பலவும் பிறவிடங்களிலிருந்து வந்து சேர்ந்தன. பிறவிடத்திற் படியில்லாத நூலோ மீளவில்லை. இப்பேரிழப்புக் கற்பித்த பாடம் தெளிவானது. ஒரே இடத்தில், ஒரே கையில் உள்ள நூல் காப்பற்ற நூலாகும். இப்பாடத்தை உணர்ந்தே 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் தொடங்கப்பட்டது. ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாளில் வெளியாகும் நினைவு மலர்கள் எனப் பல்லாயிரக்கணக்கான ஆவணங்களை அது படமாக்கி எவரும் இலவசமாக வாசிக்க வழங்குகின்றது. அதற்கு முன்னரே, 1998 பொங்கல் நாளில், சுவிற்சலாந்தில் வாழ்ந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் தொடக்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் துணையுடன் மின்வடிவிற் தந்தது. இவ்விரண்டும் வாசிப்புக்கு வாடகை பெறுவனவல்ல. எவரும் படியெடுத்துத் தம்மிடம் வைத்திருக்கக்கூடிய நிலையில் நூலைத் தருவதே அவற்றின் சிறப்பு.

சந்தாச் சேவையின் தொகுதி இதற்கு நேர்மாறானது. படி முழுவதும் ஒரு நிறுவனத்தின் கையில் உள்ளது. 2009 ஜூலையில், விற்பனையாளருக்கு உரிமையில்லை என்ற காரணத்தால், ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நூல்களை அமேசன் நிறுவனம் வாசகரின் கருவிகளிலிருந்தே அழித்தது. விலையை மாத்திரம் திருப்பிக் கொடுத்தது. மைக்குறோசொப்ற் நிறுவனம் 2019இல் தன் மின்னூற் கடையை மூடியபொழுது, வாசகர் பணம் கொடுத்துப் பெற்றிருந்த நூல்கள் ஒருங்கே திறவாதொழிந்தன. அங்கும் பணம் மீண்டது, நூல் மீளவில்லை. அமேசன் 2025 பெப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியிற் பதிந்து வைக்க உதவிய வழியொன்றையும் அடைத்தது. நெருப்பின் கொடுமையையும் வணிக முடிவுகளையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. எவரும் இங்கே பகைமையால் அழிக்கவில்லை. ஆயினும், ஒரு கை தளர்ந்தால் நூல் முழுதும் மறையும் என்னும் நிலைமை இரண்டிற்கும் பொதுவாதலை மறுத்தல் இயலாது.

நமது அயலூராகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்களின் பணி இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அவர் பதிப்பிக்க முடிந்தமைக்குக் காரணம், அவற்றின் ஏடுகள் பல ஊர்களிற் பலர் கையில் இருந்தமையே. ஒருவரிடத்துச் சிதைந்த ஏடு பிறிதொருவரிடத்து முழுமையாக இருந்தது. ஒன்றிற் பிழைத்த பாடம் மற்றொன்றிற் திருந்தியிருந்தது. ஏடு வைத்திருந்தோருட் பலர் அதனை வாசிக்கவும் அறியார். ஆயினும் முதுசமெனப் பேணினர். அன்று அவ்வேடுகள் யாவும் ஒரு களஞ்சியத்தாரிடம் மாத்திரம் இருந்து, ஏனையோர் கூலி கொடுத்துப் பார்த்து வந்தவராக இருந்திருப்பின், அக்களஞ்சியம் அழிந்த அன்றே கலித்தொகையும் அழிந்திருக்கும். நூலைக் காப்பது வாசகரின் தொகையன்று, படிகளின் பரம்பலே.

மேலும், வெளிநாட்டு நாணயத்திற் செலுத்தும் சந்தா நம் நாட்டினர்க்கு உறுதியான அடித்தளம் ஆகாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி, மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. டொலரிற் சந்தா செலுத்திய வாசகர், நூலொன்றும் புதிதாகப் பெறாமலே ஏறத்தாழ இருமடங்கு கொடுக்க நேர்ந்தது. அதே காலத்திற் காகிதத் தட்டுப்பாட்டால் அச்சுத்தொழிலும் நலிந்தது. மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளும் பிற்போடப்பட்டன. எனவே மின்னூலை வேண்டாமென ஒதுக்குதல் அறிவுடைமையன்று. சந்தா நின்ற மாதத்தில் எது நம் கையில் எஞ்சும் என்பதே கேட்க வேண்டிய வினா. தட்டில் இருந்த பழைய புத்தகமும் கணினியிற் சேமித்த எண்ணிமப் படியும் அந்நெருக்கடியிலும் எஞ்சின.

மறுதரப்பார் கூறும் தடை ஒன்றுண்டு. அதனை எளிதிற் தள்ளல் ஆகாது. எழுத்தாளரும் பதிப்பகத்தாரும் எவ்வாறு வாழ்வர்? மின்னூலை ஒருமுறை பெற்ற நூலகம் என்றென்றும் எல்லோர்க்கும் வழங்கலாமெனின், சில நூறு படிகளே அச்சிடும் ஈழத்துப் பதிப்பாளர் ஒரு படியும் விற்க இயலாதவர் ஆகாரோ? அனுமதியின்றிப் படமாக்கப்பட்ட நூல்கள் கைக்குக் கை பரவுதலால் நம் எழுத்தாளர் நலிவது கண்கூடு. இத்தடை நேரியது. இதற்கு விடை வாடகை முறையை நிலைநாட்டுவதன்று. இரவலுக்கும் ஊதியம் வகுப்பதாம். 1946இல் டென்மார்க்கு, நூலகங்களில் உள்ள நூல்களுக்காக எழுத்தாளர்க்கு அரசு பணம் வழங்கும் சட்டத்தை முதன்முதல் இயற்றியது. பிரித்தானியா 1979இல் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றி, 2018 ஜூலை முதல் நூலகங்கள் இணையவழி வழங்கும் மின்னூல் இரவலுக்கும் அதனை விரித்தது. அங்கே நூலகத்தின் இரவல் எழுத்தாளனுக்கு நட்டமன்று, சிறிதாயினும் வரவாம்.

தமிழகம் வேறொரு நெறியைக் காட்டியுள்ளது. சென்னை அரசு 1949இற் பாரதியார் நூல்களின் உரிமையைப் பெற்றுப் பின்னர் மக்களுக்கு உடைமையாக்கியது. அதனைத் தொடர்ந்து தமிழ் எழுத்தாளர் பலரின் படைப்புகள், உரிமையாளர்க்குப் பரிவுத்தொகை வழங்கி நாட்டுடைமை ஆக்கப்பட்டன. இன்று அவற்றை எப்பதிப்பகமும் அச்சிடலாம். எம்மாணவரும் மின்வடிவிற் பெறலாம். எழுத்தாளர் குடும்பமும் பயன்பெற்றது, நூலும் பொதுவாயிற்று. குத்தகையாகவே நிலத்தை வைத்திராமல், விலை கொடுத்து உறுதி முடித்து ஊர்ப்பொதுவாக்கியமை போன்றதாம் இது. ஈழத்து எழுத்தாளருட் பலரின் நூல்கள் மறுபதிப்பின்றிக் கிடக்கும் இந்நாளில், வட மாகாணத்துக் கல்வி நிறுவனங்களும் புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களும் இந்நெறியைச் சிறிய அளவிலாயினும் பின்பற்றல் கூடும்.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், மின்னூல் இரவற் சேவையொன்றை மதிப்பிடுவதற்கு நான்கு கட்டளைக் கற்களை வகுத்துக் கொள்ளலாம். முதலாவது, நிலைபேறு: கட்டணம் நின்ற பின் நூலகத்தின் கையில் ஒரு படியேனும் எஞ்சுமா? இரண்டாவது, வாய்மை: கொடுக்கப்படுவது விற்பனையா, இரவலா, வாடகையா என்பதை வாசகர் விளங்கும் மொழியிற் கூறுகின்றதா? மூன்றாவது, நீதி: எழுதியவருக்கு உரிய பங்கு, பக்கத்தின் நீளத்தை மாத்திரம் நோக்காது சென்றடைகின்றதா? நான்காவது, மறைகாப்பு: எவர் எந்நூலை எப்பக்கம் வரை வாசித்தார் என்னும் செய்தியைச் சேவை தன்னுள் வைத்துப் பிறர்க்கு அளிக்காதிருக்கின்றதா? சந்தா நிறுவனம் வாசகர் புரட்டும் பக்கத்தை எண்ணியே பணம் பகிர்கின்றது. அவ்வெண்ணிக்கை வாசகரின் உள்ளத்தைப் பற்றிய குறிப்பேடாகவும் அமைகின்றது. ஒருவர் வீட்டில் எந்நூல் இருந்தது என்பதே அச்சத்துக்கு ஏதுவான காலங்களை இம்மண் கண்டுள்ளது. ஆதலின் இந்நான்காவதை நாம் அற்பமெனத் தள்ளுதல் இயலாது.

இக்கற்களில் உரைத்துப் பார்க்கின், சந்தாச் சேவை பொழுதுபோக்கு வாசிப்புக்கும் புதிய எழுத்தாளரின் அரங்கேற்றத்துக்கும் ஏற்றதென்பதும், நூற்காப்புக்கு ஏலாதென்பதும் புலனாகும். வாசிப்பைக் குத்தகைக்கு எடுக்கலாம்; காத்தலைக் குத்தகைக்கு விடலாகாது. வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களின் நூலகங்களும் கல்லூரி நூலகங்களும் தம் சிறு நிதி முழுவதையும் ஆண்டுச் சந்தாவிற் செலவிடுவராயின், பத்தாண்டின் பின் அவற்றின் ஏட்டிற் செலவுக் கணக்கு மாத்திரம் இருக்கும்; தட்டு வெறுமையாய் இருக்கும். நிதியின் ஒரு பகுதியையேனும் நிலைத்த படிகளுக்கு ஒதுக்குதல் முறையாம். ஈழத்து எழுத்தாளரிடம் நேரே விலை பேசி, திறந்த வடிவிற் படி பெற்று, ஒரு படிக்கு ஒரு வாசகர் என்னும் நெறியில் இரவல் வழங்க உடன்படிக்கை செய்துகொள்ளலாம். எழுத்தாளரின் மனமொத்த உடன்பாடு இருக்குமிடத்து நீதிமன்றத்துக்கு வேலையில்லை.

மாணவர் செய்யத்தக்க பணியும் உண்டு. எந்தச் சந்தா நிறுவனமும் நம் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலரையோ, மறைந்த ஆசிரியர் ஒருவரின் நினைவு மலரையோ, நாற்பதாண்டு முன்னர் வெளியான கல்லூரி மலரையோ தன் தொகுதியிற் சேர்க்கப் போவதில்லை. அவற்றைப் புரட்டுவோர் சிலரே. பக்கக் கணக்கில் அவை பெறுவது ஒன்றுமில்லை. ஆயினும் இவ்வூரின் வரலாறு அவற்றிலன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை. வீட்டுப் பரணிலும் அலுமாரியின் அடித்தட்டிலும் கிடக்கும் அத்தகைய நூலொன்றை எடுத்துத் தூசி தட்டி, உரியவரின் இசைவோடு படமாக்கி, ஒரு படியை எண்ணிம நூலகத்திற்கும் ஒரு படியைக் கல்லூரி நூலகத்திற்கும் அளித்தல் ஒரு மாணவர் ஒரு விடுமுறையிற் செய்து முடிக்கக்கூடிய செயல்.

இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிதல் ஆகாது என்பது நம் முதியோர் வாக்கு. இரவற் சேலை அழகியது; அதனை உடுத்தலிற் குற்றமில்லை. நாளை அதனைக் கொடுத்தவர் கேட்கும்பொழுது, நமக்கென ஒன்று இருத்தல் வேண்டும். மின்னூல்களை விருப்பத்தோடு வாசிப்போமாக. அதனோடு, நம்முடையவை எனச் சொல்லத்தக்க நூல்களைப் படியெடுத்துப் பலவிடத்தும் பரப்பி வைப்போமாக.